ஐந்தாவது வரி

பாடாங் செராயில்
டயர் கடைக்கு மேல்மாடி என் அறை.
கீழே லோரிகளுக்குச் சக்கரம் கழற்றி மாட்டுகிறார்கள்.
மேலே நான் ஒரு மொழிக்கு
மேற்கோள்குறி தேடிக்கொண்டிருக்கிறேன்.

சின்ன மொழி. உலகத்துக்காக இல்லை,
செம்பனை ஆலையின் எடைப்பாலத்துக்கு மட்டும்.
லோரி ஏறும், எடை விழும், சீட்டு வரும்.
மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லை,
சீட்டில் ஒரே வரி என்று இருந்தவரை.

பிறகு ஆலையிலிருந்து ரோஸ்னா அழைத்தாள்.
குறிப்புக்கு இடம் வேண்டுமாம். நாலைந்து வரி.
எழுதியது எழுதிய மாதிரியே வரவேண்டுமாம்.

எழுதியது எழுதிய மாதிரியே.
இவ்வளவு பெரிய பொருளை
இவ்வளவு சாதாரணமாக
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சோதித்துப் பார்க்க
ஒரு பழைய சீட்டின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பினாள்.
லோரிக்காரர் குணாளனின் கையெழுத்து:

"பழுத்த குலை"ன்னு மண்டோர் சொன்னார்,
ஏத்தினேன்.
        பழுக்கலைன்னு நீங்க கழிச்சா
        யார் கூலியில கழிக்கிறது?

முதலில் இரண்டு மேற்கோள் வைத்தேன்.
குலைக்கு முன்னாலேயே சரம் அறுந்தது.
மூன்று வைத்தேன். தாங்கியது.
நாளைக்கு யாராவது உள்ளேயே மூன்று வைத்தால்?

யோகமலர் சுங்கைப் பட்டாணியில் இருந்தபடி
போனில் சிரித்தாள்:
நம்ம பேச்சுல
தொடங்கும்போது குறியே கிடையாது,
முடியும்போதுதானே ஒரு 'ன்னு' வருது,
அதையே வச்சுடேன்.

ஒரு நாள் முழுக்க அந்த அழகில் மயங்கிக் கிடந்தேன்.
திறக்கும் கதவு இல்லாத வீடு,
வெளியே வந்த பிறகுதான் தெரியும்
இவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்று.
பிறகு அவளுக்கு எழுதினேன்:
வரேன்னு சொன்னான்னு சொன்னாங்கன்னு கேள்விப்பட்டேன்.
எந்த 'ன்னு'வில் மூடட்டும்?

பதிலுக்கு ஒரு அழுகிற முகம் மட்டும் வந்தது.

கடைசியில் விதி இப்படி நின்றது:
உள்ளே மூன்று வந்தால் வெளியே நான்கு,
நான்கு வந்தால் ஐந்து.
உள்ளே இருப்பதை எந்தக் காரணத்துக்கும் திருத்தாதே,
வேலியை நீட்டு.

அடுத்தது இடைவெளி.
என் நிரலில் அந்த வரிகள்
ஒரு 'எனில்' உள்ளே, அதற்குள் இன்னொரு 'எனில்' உள்ளே
எட்டு எழுத்துத் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன.
குணாளனும் இரண்டு வரியைத் தள்ளித்தான் எழுதியிருக்கிறார்,
கோபம் அங்கேதான் ஏறுகிறது.
எந்த வெற்றிடம் என்னுடையது, எது அவருடையது?

மூடும் குறி நிற்கும் இடம்தான் கரை என்று வைத்தேன்.
அதற்கு இடப்பக்கம் நான் போட்ட காலி, அழித்துவிடு.
வலப்பக்கம் ஒரு புள்ளி அளவு வெற்றிடமும்
அவர் சொத்து.
டேப்பும் இடைவெளியும் கலந்து வந்தால்
ஊகிக்காதே,
புரியவில்லை என்று வரி எண்ணோடு சொல்லி
நின்றுவிடு.

மிச்சம் இருந்தது ஒன்று.
குணாளன் ஸ்கேல் வைத்து ஐந்து கோடு போட்டிருந்தார்.
எழுதியது நான்கு.
ஐந்தாவது, சரத்தில் சேருமா?
பெரிய மொழிகள் எல்லாம்
இதில் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன.
வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை அவருடைய லோரியே கீழே வந்து நின்றது,
பின்சக்கரம் பஞ்சர்.
இறங்கிப் போய்க் கேட்டேன்,
கடைசிக் கோட்டைச் சும்மா விட்டிருந்தீர்களே,
இடம் மிஞ்சிப் போனதா?

தே ஓ பொட்டலத்தை உறிஞ்சியபடி
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
"மிஞ்சலம்மா. அது அவங்க பதில் எழுத."

மேலே வந்து
வெட்டும் வரியை அழித்தேன்.

இப்போது வரிகள் எத்தனை என்று கேட்டால்
ஐந்து என்கிறது என் மொழி.
ஆலையில் அச்சாகி வந்த சீட்டிலும் ஐந்து.
ரோஸ்னா பார்த்துவிட்டாள்,
எல்லாம் சரியாக வருகிறது என்றாள்.
ஐந்தாவதில் இன்னும் எதுவும் எழுதவில்லை.